டோவனார் எந்த வீட்டுக்குப் போனார்?

மழை எந்த நேரமும் கொட்டும் என்று தெரிந்தும், குடையை மடியில் கிடத்திக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பங்குத்தந்தை மங்கன் அவர்களே! முழங்கால் வலியை முணுமுணுக்காமல், முற்பகல் முழுதும் முட்டிபோட்டு மன்றாடிய மூத்தோர்களே! காலணியைக் கையில் பிடித்து, கல்லென்றும் முள்ளென்றும் பாராமல் வலம்வந்து, கால் சிவந்து நிற்கும் தாய்மார்களே! கடலுக்கு அப்பால் கிழங்கு அள்ளும் கூலிக்குப் போயிருந்தும், பாதுகாவலர் திருநாள் என்றதும் படகேறி ஓடிவந்த பிள்ளைகளே! கூட்டத்துக்குள் வரவும் மனமில்லாமல், மதுக்கடைக்குப் போகவும் துணிவில்லாமல், வேலியில் சாய்ந்து விழித்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தோழர்களே! அனைவருக்கும் இந்த மாட்டுச்சந்தை ஏலக்காரன் ஃபெஸ்டி மோரனின் பணிவான வணக்கம்.

நான் கற்றவன் அல்லன். எனக்கு இருப்பது தொண்டை. பல் போன கிழப்பசுவைப் பருவக் கிடாரி என்று கூவிக் கூவி விற்றே வளர்த்த தொண்டை இது. யார் சிரிப்பது? வாங்கிப்போன ஆள்தானே? சிரியுங்கள், சிரியுங்கள். அந்த மாடு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுவரைக்கும் எனக்குப் புண்ணியம்.

முன்வரிசையிலிருந்து பாட்சி லவெல் அண்ணன் கைத்தடியைத் தட்டுகிறார். “டோவனார் பெருமையப் பேசுடா, உன் மாட்டுப் பெருமைய அப்புறம் பேசலாம்” என்கிறார். கிணற்றுக் குழுவின் தலைவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சுண்டா அண்ணே? பேசுகிறேன். கடைசிவரை உட்கார்ந்து கேளுங்கள். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பெரியோர்களே! இந்தக் கில்டோவன் மண்ணுக்கு டோவனார் வந்தபோது இங்கே கோயில் இருந்ததா? குளம் இருந்ததா? குடிக்கத் தண்ணீராவது இருந்ததா? சதுப்பில் தேங்கிய செந்நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள் நம் முன்னோர்கள். ஒரு கையில் மணி, ஒரு கையில் கோல், தோளில் ஒரு தோல்பை, இவ்வளவுதான் அந்தப் புனிதரின் சொத்து. வாசல் வாசலாக நின்று வாய் நனைக்கக் கேட்டார். எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கண் தெரியாத ஒரு கிழவி மட்டும் தன் பங்குக்கு வைத்திருந்த ஒரு வாய் மோரை நீட்டினாள். அவள் குடிசைக்கு முன்னால் கோலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ஊற்று! அந்த ஊற்றால்தான் இந்த ஊர்!

அந்த ஊற்றுக்கு நம் முன்னோர் விதித்த விதிகள் உங்களுக்குத் தெரியாதவையா? தொட்டில் பிள்ளைகூடச் சொல்லும். அதில் துணி துவைக்காதே. அதில் கிழங்கு கழுவாதே. அந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றாதே. ஏற்றினால் கொதிக்காது, மீறிக் கொதிக்கவைத்தால் கிணறு கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும்.

போய்விடுமா? போயிருக்கிறதே! நம் பாட்டன்மார் காலத்தில், மேட்டு மாளிகையில் இருந்த நிலக்கிழான் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பினான். மதிலுக்குக் கதவு போட்டான். கதவுக்குப் பூட்டுப் போட்டான். உள்ளே தன் வேட்டை நாய்களைக் குளிப்பாட்டினான். மறுநாள் விடிந்தால் மதில் இருந்தது, கதவு இருந்தது, பூட்டு இருந்தது, தண்ணீர் இல்லை! அவன் வீட்டைவிட்டு விரட்டிய ஒரு விதவை, சாலையோரப் பள்ளத்தில் நாலு குச்சி நட்டுக் கூரை போட்டுக் கிடந்தாளே, அவள் காலடியில் குபுகுபுவென்று கிளம்பியது. அந்தப் பள்ளத்தில்தான் நம் கிணறு இருந்தது. ஆ, கைதட்டுகிறீர்கள். எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் கைதட்டுவீர்கள். தட்டுங்கள். தட்டிய கையைக் கொஞ்சம் தயாராக வைத்திருங்கள், பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். தாய்மார்களே, இன்று காலையில் நீங்கள் வலம்வந்தீர்களே, எதை? கிணற்றையா? அதில் தண்ணீர் இருந்ததா? காய்ச்சல் வருடத்துக்கு அடுத்து வந்த பனிக்காலத்தில் அது வற்றிவிட்டது. அன்றிலிருந்து நாம் வலம்வருவது ஒரு வறட்டுக் குழியை. குழியின் அடியில் உள்ளது பாசி படிந்த கல்லும் போன வருடத்து இலையும்தான். ஏன் வற்றியது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். “சபீனா டர்க்கன்.”



அந்தச் சபீனா இப்போது எங்கே? கீழ்த்தெருக் கோடியில், தன் வீட்டு முன்னறையில், தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிய, கையில் செபமாலை சுற்றிக் கிடத்தப்பட்டிருக்கிறாள். என் மனைவி பிரீட் தனியாகக் காவல் இருக்கிறாள். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தேநீரும் ரொட்டியும் புகையிலையுமாக வீடு கொள்ளாத கூட்டம் இருக்கும். அங்கே பிரீட் மட்டும் இருக்கிறாள். நாளைக் காலை அடக்கம். மங்கன் சாமி மறுப்புச் சொல்லவில்லை. செபம் சொல்லுகிறேன், கல்லறைத் தோட்டத்தில் இடமும் உண்டு என்றுவிட்டார். மறுத்தது யார்? கிணற்றுக் குழு. “பெட்டி கல்லறைக்குப் போகட்டும். கிணத்தச் சுத்தி வரக் கூடாது. கிணத்தக் கொன்னவளுக்குக் கிணத்துல என்ன வேலை?” என்று நேற்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் பிறந்தவன் யாருக்கும் இதன் கனம் தெரியும். ஒருமுறை கிணற்றை வலம்வராமல் எந்தப் பிணமும் மண்ணுக்குள் போனதில்லை. திருடனைச் சுற்றித் தூக்கிப் போயிருக்கிறோம். பெண்டாட்டியை அடித்தே கொன்றவனைச் சுற்றித் தூக்கிப் போயிருக்கிறோம். வலம்வராத ஆன்மா தாகத்தோடு அலையும் என்று நம்புகிறவர்கள் நாம். நானும் நம்புகிறவன்தான். நம்பிக்கை இல்லாதவனாக நான் மேடையாக நிறுத்திய இந்த வண்டியின் மேல் ஏறவில்லை. நம்புவதால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இளையவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த வருடம் ஆறு பெருகி மேட்டுத் தொழுவத்துச் சாணமும் சகதியும் ஊரெல்லாம் ஓடியது. வெள்ளம் வடிந்ததும் குடலைப் பிடித்துக் காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டில் புகுந்தால் அந்த வீட்டைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனது. மிதிவண்டியில் நர்ஸம்மா வந்தாள். வாசலில் நின்று, சொட்டுத் தண்ணீரையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். கேட்டோம். குழாயடித் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம், பாலைக் கொதிக்கவைத்தோம். ஒன்றை மட்டும் கொதிக்கவைக்கவில்லை.

“டோவனார் தண்ணியையுமா?” என்று கேட்டார்கள் பெண்கள்.

“அதையுந்தான். அதைத்தான் முதல்ல.”

“அது கொதிக்காதும்மா. மீறிக் கொதிக்கவெச்சா கிணறு போயிரும்.”

“கிணறு போனா இன்னொண்ணு தோண்டிக்கலாம். புள்ள போனா?”

அப்போதும் நாம் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனுக்கு எதைக் கொடுப்போம்? குழாயடித் தண்ணீரையா கொடுப்போம்? புனிதர் தண்ணீரைத்தானே! நல்லவர்களாக இருந்ததால் செய்தோம், பெரியோர்களே. பக்தியால் செய்தோம். பாசத்தால் செய்தோம். பச்சைத் தண்ணீரை வெள்ளிக் கரண்டியில் எடுத்து, சிலுவை போட்டு, பெற்ற பிள்ளையின் வாயில் ஊற்றினோம். ஊற்றிய கையாலேயே அந்தப் பிள்ளையின் கண்ணை மூடினோம். கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரோரம் போய்ப் பாருங்கள், குட்டைக் குட்டையாக எத்தனை மேடு!

அந்த நாளில் காய்ச்சல் வீட்டுப் படியை யார் மிதித்தார்கள்? உடன்பிறந்தவன் மிதிக்கவில்லை, உறவு மிதிக்கவில்லை. கூடையில் ரொட்டியை வைத்து வேலிக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு ஓடினோம். மிதித்தவள் ஒருத்தி. மீன்பிடிக்கப் போன புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மடியில் பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்த சபீனா டர்க்கன். அவளுக்கு என்ன தலையெழுத்து? யாரும் கூப்பிடவில்லை, அவளாகப் போனாள். மலம் வாரினாள், துணி அலசினாள், தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். நோயாளிகள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். “டோவனார் தண்ணி குடு சபீனா.” அவள் அந்தத் தண்ணீரைத் தகரக் கலயத்தில் கொண்டுவந்தாள். கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல், கொதிக்கவைத்தாள்!

ஏன் அவள் குழாயடித் தண்ணீரைக் கொடுத்து, இதுதான் டோவனார் தண்ணீர் என்று சொல்லவில்லை? நான் இதை அவளிடமே கேட்டிருக்கிறேன். பல வருடம் கழித்து, அவளுடைய கிடாரியைச் சந்தைக்கு ஓட்டப் போனபோது, மனம் பொறுக்காமல் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சாகக் கெடக்குறவங்ககிட்ட, அதுவும் அவர் பேரச் சொல்லிப் பொய் சொல்றதா? நாக்கு அழுகிரும் ஃபெஸ்டி.”

“அப்ப கொதிக்கவெச்சது பாவம் இல்லையா?”

“பாவந்தான். தெரிஞ்சே செஞ்ச பாவம். மொத தடவ அடுப்புல வெச்சப்ப, கொதிக்கக் கூடாது, கொதிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நின்னேன். கொதிக்கலைன்னா நர்ஸம்மா சொன்னது பொய்னு விட்டுருப்பேன். கொதிச்சிருச்சுய்யா. தளதளன்னு கொதிச்சிருச்சு. அங்கேயே உக்காந்து அழுதேன். நம்ம கெதி இனி நரகந்தான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எறக்கி வெச்சு, ஆறவெச்சு, புள்ளைக்குக் குடுத்தேன்.”

கேட்டீர்களா தாய்மார்களே? அவள் நம்பாதவள் அல்லள். நம்மைவிட நம்பினாள். நரகம் உண்டு என்று நம்பி, தனக்கு அங்கேதான் இடம் என்று நம்பி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக அந்தக் கலயத்தை அடுப்பில் ஏற்றினாள்! நம்மில் எவருக்கு அந்தத் துணிவு உண்டு? எனக்கு இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.



சபீனா பார்த்த வீடுகளில் சாவு குறைந்தது. அதைக்கூட நாம் அப்போது கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் அகப்பட்டுக்கொண்டாள். எந்த வீடென்று சொல்லமாட்டேன். அந்த வீட்டுத் தகப்பன் காய்ச்சலுக்குப் பயந்து தொழுவத்தில் படுத்து எழுந்துகொண்டிருந்தவன், பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சன்னலருகே வந்தான். அடுப்பில் கெண்டி. கெண்டி மூக்கிலிருந்து ஆவி. பக்கத்தில் டோவனார் கிணற்றுக்கென்றே வைத்த தகரக் கலயம், காலியாக! அவ்வளவுதான். வீட்டுக்குள் பாய்ந்து கெண்டியைத் தூக்கி எறிந்தான். கொதிநீர் அவள் கையில் கொட்டியது. அவள் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லவில்லையாம். “அண்ணே, பொண்ணு தெளிஞ்சு வர்றா. இன்னும் ரெண்டு நாளு என்னைப் பாக்க விடு. பையனுக்கும் இதையே குடுப்போம். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோ” என்றாளாம். முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவிட்டான். மகள் ஏற்கெனவே தேறிவிட்டாள், பிழைத்தாள். மகனுக்கு அன்று மாலையிலிருந்து தகப்பனே கிணற்றிலிருந்து மொண்டுவந்து பச்சையாகக் கொடுத்தான். அந்த வார முடிவில் பையன் போய்விட்டான்.

பாட்சி அண்ணே, உட்காருங்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. உட்காருங்கள், பேச்சு முடியவில்லை.

நிற்கவே விரும்புகிறார். நிற்கட்டும்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. அடுத்து வந்த பனிக்காலத்தில் கிணறு வற்றியது. போதாதா நமக்கு? வாயுள்ளவர்கள் எல்லாம் வைதோம். அவள் பாலை யாரும் வாங்கவில்லை. கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. திருநாளில் அவள் நிழல்கூட இந்தப் பக்கம் விழவில்லை. திமிர் என்றோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றோம். அவளோ, ‘நான் அந்தப் பக்கம் வந்தால் மிச்ச ஈரமும் போய்விடும்’ என்று பயந்து வராமல் இருந்தாள்.

அதே பனிக்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. சபீனா வீட்டுப் பின்னறையில், அடுப்புக்குப் பக்கத்தில், தரைக்கல் பிளந்து தண்ணீர் வந்தது! படுக்கை நனைந்தது, அடுப்பு அணைந்தது. அதைப் பார்த்து நாம் என்ன சொன்னோம்? கடைத்தெருவில் நின்று கைகொட்டிச் சிரித்தோம். “பாத்தியா, டோவனார் அவளச் சும்மா விடுவாரா? தொரத்திக்கிட்டுப் போயி அடுப்ப அணைச்சுட்டாரு!” வேண்டும் அவளுக்கு என்றோம்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள்! கிடாரி ஓட்டப் போன அன்று அந்தப் பின்னறையைப் பார்த்தேன். பெரிய பலகைக் கல்லைப் புரட்டிப்போட்டு ஊற்றை மூடியிருந்தாள்.

“ஏம்மா நல்ல தண்ணிய மூடிவெச்சிருக்க? குடிக்கலாமே?”

“அவரு என்னைத் திட்டுறதுக்குத் தேடி வந்திருக்காரு. மூஞ்சியப் பாக்கப் பயமா இருக்குதுய்யா. அதான் மூடிவெச்சேன்.”

காலடியில் ஊற்று. அதை ஒரு கை அள்ளிக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து முந்தாநாள் வரைக்கும், வயது ஏற ஏற, முதுகு வளைய வளைய, வாளியை எடுத்துக்கொண்டு மேட்டுக் குழாயடிக்கு நடந்தாள். மழையில் நடந்தாள், பனியில் நடந்தாள். நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருவராவது அந்த வாளியை வாங்கினோமா?

முந்தாநாள் என் வீட்டு வாசலுக்கு எதிரே விழுந்தாள். வாளி உருண்டு தண்ணீரெல்லாம் மண்ணில் ஓடிவிட்டது. பிரீட் ஓடிப்போய்த் தலையை மடியில் ஏந்தி, இரண்டு பேரை வைத்து அவள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள். உதடு வெடித்துக் கிடந்தது. “தண்ணி” என்றாள். பிரீட் பின்னறைக்குப் போய்ப் பலகைக் கல்லில் கை வைத்தாள். சத்தம் கேட்டதும் எங்கிருந்துதான் அவளுக்குத் தெம்பு வந்ததோ!

“வேணாண்டி, அதத் தொடாத. ஒரு தடவ அதக் கெடுத்துட்டேன். மறுபடியும் வேணாம்.”

“ஒரு வாய்தான் அக்கா. நான் எடுத்துத் தர்றேன், பாவம் எனக்கு வரட்டும்.”

“வேணாம். அது அவரோடது.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாளாம்: “என்னையச் சுத்தித் தூக்கிட்டுப் போவாங்களாடி?”

பிரீட் பொய் சொல்லத் தெரியாதவள். ஆனாலும், “போவாங்க அக்கா” என்றாள். வெளியே குழாயடிக்கு ஆள் ஓடி, தண்ணீர் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. புனித ஊற்றின் மேல் குடியிருந்தவள், நாக்கு வறண்டு செத்தாள் ஐயா! இந்த ஊரில்! இந்தத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால்!

  

இப்போது கேட்கிறேன். டோவனார் நம்மை விட்டுப் போனார். ஒப்புக்கொள்கிறேன். ஏன் போனார், எவளால் போனார் என்று இத்தனை காலம் பேசினோம். எங்கே போனார் என்று எவனாவது கேட்டோமா? நிலக்கிழான் கதையை வருடா வருடம் சொல்லிக் கைதட்டுகிறோமே, அந்தக் கதையில் புனிதர் யாரைத் தண்டிக்கப் போனார்? பள்ளத்தில் கிடந்த விதவையையா? பூட்டியவனை விட்டுவிட்டு, அழுதவளிடம் அல்லவா போனார்! அப்போது அது அருள் என்று தெரிந்தது நமக்கு. அதே கிணறு, அதே மாதிரி ஒரு விதவையின் வீட்டுக்குள் வந்து நின்றபோது மட்டும் சாபம் என்று எப்படித் தெரிந்தது? அன்று பூட்டியவன் நிலக்கிழான். இன்று பூட்டியவர்கள் யார்? டோவனாருக்கு இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போக மனம் வந்திருக்கும் சொல்லுங்கள்! என் வீட்டுக்கா? உங்கள் வீட்டுக்கா? கொதிநீர் பட்டுக் கை வெந்த ஒருத்தி வீட்டில் அடுப்படி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் பயந்து மூடியதையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். இன்றும் இருக்கிறார். நேற்று அந்தக் கல்லை நகர்த்திப் பார்த்தேன். தெள்ளத் தெளிவாகத் தண்ணீர் நிற்கிறது.

பாட்சி அண்ணன் ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி! வேலியோரம் இருப்பவர்களே, வாயை மூடுங்கள்! அண்ணே, உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

“கெண்டிய எறிஞ்ச அந்த வீடு என் வீடுதான்” என்கிறார்.

தெரியும் அண்ணே. எல்லோருக்கும் தெரியும்.

“என் பையன் டொமினிக் செத்ததுக்கு அவதான் காரணம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ இல்லைன்னா, நான்ல காரணம்? அதச் சொல்லிட்டு எப்பிடிடா நான் உயிரோட இருக்குறது?” என்கிறார்.

யாரும் சிரிக்காதீர்கள். யாரும் அவரைத் திட்டவும் வேண்டாம். நீங்கள் வடக்குச் சுவரோரம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள். அவர் சொல்லிவிட்டார், நாம் சொல்லவில்லை. அவர் மகள் ஆக்னஸ், அந்தக் கெண்டித் தண்ணீரில் பிழைத்தவள், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நிற்கிறாள். என்னம்மா?

“அப்பாவுக்குத் தோள் குடுக்க முடியாது, வயசாயிருச்சு. அவருக்குப் பதிலா நான் தூக்குறேன். பொம்பள தூக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா, அவங்க வந்து தூக்கட்டும்” என்கிறாள்.

 கேள்வி உங்களைப் பார்த்துத்தான். பெட்டியைத் தூக்க இன்னும் ஆள் வேண்டும். நான் ஒருவன் இருக்கிறேன். வேறு? ஏலம் விடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம்! அங்கே, வேலியோரம், மதுக்கடைக்குப் போகத் தவித்த தோழன். வாடா தம்பி. இரண்டு தரம்! கிழங்கு அள்ளிவிட்டு வந்த பிள்ளை ஒருவன். உன் பெயர்கூட எனக்குத் தெரியாதே அப்பா, வா. போதும். பெட்டி கனமாக இருக்காது. பட்டினியில் இளைத்த உடம்பு.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றுக் குழுவின் முடிவை நான் மீறப்போவதில்லை. அந்த வறட்டுக் குழிப் பக்கம் அவளைக் கொண்டுபோக மாட்டோம். நாளைக் காலை கோயில் மணி அடித்ததும், பின்னறைக் கல்லை முழுக்கப் புரட்டி வைத்துவிட்டு, ஊற்றின் முதல் கையளவை அந்த வறண்ட உதட்டில் ஊற்றுவோம். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றி, அவள் வீட்டையே வலம்வருவோம். வீட்டைச் சுற்றி முள்ளும் சேறும் கிடக்கிறது, தாய்மார்கள் கால் பார்த்து வையுங்கள். பாட்சி அண்ணன் முன்னால் நடப்பார், மகன் இறந்த நாளிலிருந்து அவர் வேறு யார் பெட்டிக்கு முன்னாலும் நடந்ததில்லை.

வருகிறவர்கள் வாருங்கள். வர மனமில்லாதவர்கள், எங்களுக்கு வழியை மட்டும் விட்டு நில்லுங்கள், அதுவும் உதவிதான். நீண்ட நேரம் பொறுத்திருந்த மங்கன் சாமிக்கும், முழங்கால் நோக நின்றிருந்த மூத்தோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்லி இறங்குகிறேன். பிரீட் தனியாக இருக்கிறாள். என்னோடு இப்போதே அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எழுந்து வாருங்கள். வணக்கம்.